பூசானில் துவேஜி குக்பாப்: முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

கொரியாவுக்குப் போகும் நம் ஆட்களில் ஒரு பகுதியினர் சீரியலில் பார்த்த பிபிம்பாப், வறுத்த கோழி, ராம்யான் மூன்றையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு பகுதியினர் இரண்டாம் நாள் இரவே இந்தியச் சாப்பாட்டுக் கடை எங்கே என்று மேப்பில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ரெண்டுமே தப்பில்லை, அவரவர் வயிறு அவரவர் இஷ்டம். ஆனால் படமே இல்லாத மெனு சுவரில் தொங்க, உள்ளூர்க்காரர்கள் வேலைக்கு நடுவே வந்து உட்கார்ந்து பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிற ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்து, இதுவரை தொட்டே பார்க்காத ஒன்றை வாங்கி அதை ரசித்துச் சாப்பிட வேண்டும் என்று ஆசை இருந்தால், கொஞ்சம் தயாராகப் போவது நல்லது. பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பதார்த்தத்தை எடுத்துக்கொள்கிறேன்: பூசான் நகரத்தின் துவேஜி குக்பாப். பன்றி எலும்பையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சாறு, அதில் சோறு, மேலே மெல்லிசாக நறுக்கிய வெந்த பன்றிக்கறி. அவ்வளவுதான்.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், முதல்முறை சாப்பிடும் வெளியூர்க்காரர்கள் பலர் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று வைத்துவிடும் உணவு இது. பக்கத்து மேஜையில் இருப்பவரோ அதே கிண்ணத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இதற்குக் காரணம் நாக்கு இல்லை. கொரியாவில் நிறைய உணவுகள் சமையலறையில் முழுதாக முடிந்து வெளியே வருவதில்லை, கடைசிக் கட்டம் மேஜையில் நடக்கிறது, அதைச் செய்ய வேண்டியவர் சாப்பிடுகிறவர். சுற்றி வைத்திருக்கும் குட்டிக் கிண்ணங்கள் எல்லாம் தொட்டுக்கொள்ள மட்டும் இல்லை, பாதி உள்ளே போட வேண்டியவை. எதை எப்போது போடுவது என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

போவதற்கு முன்னால்

பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கடை இல்லை, அதைச் சுற்றி வளைக்க வழியும் இல்லை. மாட்டுக்கறி தவிர்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கொரியாவில் வெள்ளையாக, சாதுவாக இருக்கும் பல சூப்புகள் மாட்டு எலும்பில் செய்தவை. ஸொல்லொங்தாங், கோம்தாங் ரெண்டும் மாடு. பிறந்தநாளுக்குச் செய்யும் கடல்பாசி சூப்பிலும் பெரும்பாலும் மாட்டுக்கறி கிடக்கும், சாதாரண பிபிம்பாப்பின் மேலேயே கொத்தின மாட்டுக்கறி ஒரு கரண்டி உட்கார்ந்திருக்கும். "ஸோகோகி" என்றால் மாடு, "துவேஜிகோகி" பன்றி, "தாக்" கோழி. இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இகோ மூசுன் கோகியேயோ?" என்று கேட்டால் இது என்ன கறி என்று சொல்லிவிடுவார்கள்.

சைவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். கறியே இல்லை என்று சொல்லும் சூப்பில் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்த தண்ணீர் இருக்கும், கிம்ச்சியிலேயே உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். கறி வேண்டாம் என்று சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்களே தவிர சாற்றை மாற்ற மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது கறி இல்லை. கண்டிப்பான சைவர் என்றால் புத்தக் கோயில் உணவு கிடைக்கும் இடங்களைத் தேடிப் போவதுதான் நிம்மதி. இறால் ஒவ்வாமை இருப்பவர்கள் கீழே சொல்லப்போகும் உப்பிறால் விஷயத்தைத் தவறவிடாதீர்கள்.

கைபேசியில் ரெண்டு செயலிகள் வேண்டும். கூகுள் மேப் கொரியாவில் ரொம்ப காலமாகவே அரைகுறைதான், நடந்து போக வழி கேட்டால் கைவிரித்துவிடுவதும் உண்டு. நேவர் மேப் அல்லது ககாவ் மேப் இறக்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக்கு பாப்பகோ. கேமராவைச் சுவர் மெனுவின் முன் நீட்டினால் படித்துச் சொல்லும், சாப்பாட்டுப் பெயர்களில் மட்டும் சில நேரம் வேடிக்கையாக உளறும். அதனால் சாப்பிட நினைக்கும் பதார்த்தத்தின் பெயரைக் கொரிய எழுத்தில் ஒரு படமாகச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே நீட்டுவது நல்லது. நம் உச்சரிப்பை நம்புவதைவிட அது மேல்.

எந்தக் கடை

பூசானில் ஸொம்யொன் என்ற இடம், மெட்ரோவின் 1, 2 ஆகிய ரெண்டு தடங்களும் சந்திக்கும் நிலையம். அங்கே சந்தைக்குள் குக்பாப் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தே இருக்கிறது. வாசலில் பெரிய அண்டாக்களில் சாறு கொதித்துக்கொண்டிருக்கும், மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பூசான் ரயில் நிலையத்தைச் சுற்றியும் உண்டு. சியோலில் இருந்து கேடிஎக்ஸ் ரயிலில் ஏறினால் ரெண்டரை மணி நேரம் சுமாருக்கு வந்துவிடலாம், இறங்கியதும் முதல் சாப்பாடாக இதைச் சாப்பிடுகிறவர்கள் நிறைய.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: சுவரில் எத்தனை பதார்த்தம் எழுதியிருக்கிறது. ஐந்தாறுதான், எல்லாமே குக்பாப்பின் வகைகள் என்றால் உள்ளே போகலாம். குக்பாப், பிட்சா வடிவ பஜ்ஜி, வறுத்த கோழி, நூடுல்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் என்றால் தாண்டிப் போய்விடுவேன். உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லின் கையேடு 2024 பதிப்பில் இருந்து பூசானையும் சேர்த்துக்கொண்டது, மலிவு விலைப் பட்டியலில் குக்பாப் கடைகளும் இடம்பிடித்தன. அங்கெல்லாம் இப்போது வரிசை நீளம். வரிசையில் பெயர் பதியும் இயந்திரம் சில இடங்களில் உள்ளூர்க் கைபேசி எண் கேட்கும், பயணிகள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பதற்குப் பதில் ரெண்டு கடை தள்ளி, வயதான உள்ளூர்க்காரர்கள் நிறைந்திருக்கும் கடைக்குப் போய்விடலாம்.

மதியம் 12 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம் மொய்க்கும். 11:30க்குப் போனால் உட்கார இடமும் இருக்கும், கடைக்காரருக்கு நம் கேள்விகளைக் கேட்கப் பொறுமையும் இருக்கும். பொதுவாகக் கொரிய உணவகங்கள் மதியம் 3 முதல் 5 வரை மூடிவிடுவது உண்டு, குக்பாப் கடைகளில் சில காலை முதல் இரவு வரை, சில விடிய விடியக்கூடத் திறந்திருக்கும். தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு இந்த உணவு இன்னொரு வகையிலும் வசதி. மேஜையில் சுட்டுச் சாப்பிடும் கறி, பெரிய சட்டிக் குழம்பு மாதிரியானவற்றைக் குறைந்தது இரண்டு பேர் அளவுக்கு வாங்கச் சொல்வார்கள், தனி ஆளாகப் போனால் திருப்பி அனுப்பியும் விடுவார்கள். குக்பாப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் பாதிக் கடை.

உட்கார்ந்த பிறகு

யாராவது வந்து மெனு கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். சுவரில் இருக்கிறது, அல்லது மேஜையில் ஒரு டேப்லெட் இருக்கும், அல்லது வாசலிலேயே இயந்திரத்தில் பணம் கட்டச் சொல்லும் (வெளிநாட்டு அட்டையை அது ஏற்காவிட்டால் கல்லாவில் இருப்பவரிடம் அட்டையைக் காட்டினால் அவரே போட்டுக்கொடுப்பார்). ஆளைக் கூப்பிட மேஜை ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். இல்லையென்றால் "யொகியோ" என்று குரல் கொடுக்கலாம், சத்தமாகக் கூப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. ஸ்பூனும் சாப்ஸ்டிக்கும் காணவில்லையே என்று தேடினால் மேஜையின் பக்கவாட்டில் கையை விட்டுப் பாருங்கள், இழுப்பறை இருக்கும். தண்ணீர் நாமே எடுத்துக்கொள்வது பல கடைகளில் வழக்கம்.

சுவரில் இருக்கும் வகைகளை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். துவேஜி குக்பாப் என்று மட்டும் இருந்தால் கறித்துண்டுகள். நேஜாங் என்றால் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகள். சுந்தே என்றால் பன்றிக் குடலுக்குள் கண்ணாடி நூடுல்ஸும் ரத்தமும் அடைத்து வேகவைத்து வட்டமாக நறுக்கியது. ஸொக்கொ என்றால் எல்லாம் கலந்தது. தாரோ குக்பாப் என்பது சோறு தனியாக, சாறு தனியாக. சூயுக் பேக்பான் என்பது கறியைத் தட்டில் தனியாக அடுக்கி, சாறும் சோறும் பக்கத்தில் வைத்துத் தருவது, விலை கொஞ்சம் கூடுதல். குக்பாப் ஒன்று ஏறக்குறைய 10,000 வோன், நம் காசுக்கு 600 ரூபாய் சொச்சம்.

முதல்முறை என்றால் தாரோ வாங்குங்கள் என்பது என் கட்சி. பழைய முறைக் கடைகளில் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி வடித்து, மறுபடி ஊற்றி வடித்து, ஒவ்வொரு பருக்கையிலும் சூடும் சாறும் ஏறும்படி செய்துதான் கொண்டுவருவார்கள். பார்க்கவே அழகான வேலை அது, ருசியும் அதில்தான் கூடுதல் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் சோறு உள்ளே ஊறிவிட்டால் சாற்றின் தனி ருசி நமக்குப் பிடிபடாது, எதைக் குறைப்பது எதைக் கூட்டுவது என்றும் தெரியாது. ரெண்டாவது முறை போகும்போது அப்படிச் சாப்பிடலாம்.

கொழுப்பும் தோலும் சேர்ந்த துண்டுகள் வரும். அது வேண்டாம் என்றால் "ஸால்கோகிமான் ஜுசெயோ", அதாவது சதைப்பற்று மட்டும். பல கடைகளில் சரி என்பார்கள். வாங்குவதைக் காட்டி "இகோ ஹானா ஜுசெயோ" என்றால் இது ஒன்று கொடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம்

மேஜை நிறைந்துவிடும். கருப்பு மண்சட்டியில் சாறு இன்னும் கொதித்துக்கொண்டே வரும். மூடி போட்ட எஃகுக் கிண்ணத்தில் சோறு. சின்னக் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக உப்பிலிட்ட குட்டி இறால், அதன் பெயர் சேவுஜொத். மிளகாய்ப்பொடியில் பிரட்டிய, பச்சைப்பசேல் என்ற பூண்டு வாசக் கீரை, அதன் பெயர் புச்சு. சிவப்பு மிளகாய் விழுது, தடேகி. சுருட்டி வைத்த வெள்ளைக் கோதுமை நூடுல்ஸ் ஒரு உருண்டை. முள்ளங்கிக் கிம்ச்சி, முட்டைகோஸ் கிம்ச்சி, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, அவற்றைத் தொட்டுக்கொள்ள ஸம்ஜாங் என்ற சோயாபீன் விழுது. இதில் எதற்கும் தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் இன்னொரு முறை கேட்கலாம். சில கடைகளில் மூலையில் எல்லாம் வைத்திருப்பார்கள், நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டியது.

முதலில் சட்டிக்குள் ஸ்பூனால் அடிவரை ஒரு கிளறு கிளறிப் பாருங்கள். சில கடைகளில் மிளகாய் விழுதைச் சமையலறையிலேயே ஒரு உருண்டை போட்டுவிடுவார்கள். இருந்தால் அதைக் கரைக்காமல் ஸ்பூனில் எடுத்து ஒரு தட்டில் ஒதுக்கி வையுங்கள். வேண்டும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம், கரைத்துவிட்டால் திரும்பி வராது.

அப்புறம் நூடுல்ஸ் உருண்டையை உள்ளே போட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் காய்ந்து ஒட்டிக் கட்டியாகிவிடும், சாறு சூடாக இருக்கும்போதே பிரிந்தால்தான் உண்டு. நிறையப் பேர் சோற்றுக்கு முன்னால் இதைத்தான் சாப்பிட்டு முடிப்பார்கள்.

சாற்றை வெறுமனே மூன்று நான்கு ஸ்பூன் குடியுங்கள், ஊதி ஊதி, ஏனென்றால் அந்தச் சட்டி பத்து நிமிடத்துக்குச் சூடு விடாது. இந்த இடத்தில்தான் நம் நாக்கு ஏமாற்றமடையும். உப்பு இல்லை, காரம் இல்லை, மசாலா வாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை, லேசாக ஒரு பன்றி மணம் மட்டும். வேண்டுமென்றேதான் உப்புக் குறைவாக வருகிறது, உப்பு அந்த இறால் கிண்ணத்தில் இருக்கிறது. அரை டீஸ்பூன் சேவுஜொத் போட்டுக் கலக்கி ருசி பாருங்கள், போதவில்லை என்றால் இன்னும் கால். இறாலையும் அதன் நீரையும் சேர்த்துப் போட வேண்டும். மேஜையில் வெறும் உப்பும் இருக்கும், ஆனால் இதைப் போடுவதற்கும் அதைப் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு ஸ்பூனிலேயே தெரிந்துகொள்ளலாம்: உப்பு வெறுமனே கரிக்கும், இது சாற்றுக்கு ஒரு ஆழத்தைக் கொடுத்துப் பன்றி மணத்தையும் அடக்கிவிடும். பன்றிக்கறி செரிக்க இது நல்லது என்றும் அங்கே சொல்வார்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடாமல் உப்பிலேயே சமாளிக்க வேண்டும். கிம்ச்சியிலும் இது இருக்கலாம்.

உப்பு சரியானதும் கீரையை ஒரு பிடி அள்ளி உள்ளே அமுக்குங்கள். சூட்டில் லேசாகத் துவண்டு, சாறு மெல்லச் சிவக்கும். பூசான்காரர்களைப் பொறுத்தவரை கீரை போடாத குக்பாப் குக்பாப்பே இல்லை, கொழுப்பின் திகட்டலை எடுப்பது அதுதான். மிளகாய் விழுதைக் கடைசியாகச் சேருங்கள். காரம் பற்றி நமக்குப் பயம் இல்லை, பயப்பட வேண்டியது வேறு: அதை அதிகம் போட்டால் எலும்புச் சாற்றின் ருசியை மொத்தமாக மூடிவிட்டு மற்ற எல்லாக் கொரிய மிளகாய்க் குழம்பையும் போலவே ஆகிவிடும். பாதிச் சட்டி வரை வெள்ளையாகச் சாப்பிட்டுவிட்டு மீதிக்கு மட்டும் மிளகாய் சேர்த்தால் ஒரே காசில் ரெண்டு சாப்பாடு. நான் எப்போதும் அப்படித்தான்.

கறித்துண்டை மட்டும் தனியாக எடுத்து, மேலே ஒற்றை இறால் வைத்து ஒரு வாய். இன்னொரு துண்டைக் கீரையோடு. இன்னொன்றைப் பூண்டும் ஸம்ஜாங்கும் வைத்து. பச்சை மிளகாயைக் கடிப்பதற்கு முன் நுனியை மட்டும் கடித்துப் பாருங்கள். அகலமாக, வெளிர்ப்பச்சையாக இருப்பது வெள்ளரிக்காய் போல் சாதுவாக இருக்கும், சின்னதாகக் கரும்பச்சையில் இருக்கும் ச்சொங்யாங் மிளகாய் நம் ஊர்க்காரரையும் தண்ணீர் கேட்க வைக்கும்.

சோற்றை ஒரேயடியாகக் கொட்டாமல் பாதி பாதியாகப் போடுங்கள். சோறு சாற்றை உறிஞ்சிக்கொண்டே போகும், சாறு போதாமல் போனால் கொஞ்சம் ஊற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், பல கடைகளில் முகம் சுளிக்காமல் தருவார்கள். முள்ளங்கிக் கிம்ச்சியின் புளித்த நீரை ஒரு ஸ்பூன் சட்டியில் விடுகிறவர்களும் உண்டு. முடிவுக்கு வரும்போது செய்து பார்க்க வேண்டியது.

சோறும் சாறும் ஸ்பூனால், மற்றதெல்லாம் சாப்ஸ்டிக்கால். கிண்ணத்தைக் கையில் தூக்கக்கூடாது, மேஜையிலேயே இருக்கட்டும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் குத்தி நிறுத்தினால் இறந்தவர்களுக்கு வைக்கும் படையல் ஞாபகம் வந்து பக்கத்தில் இருப்பவர் நெளிவார். சூட்டிலும் காரத்திலும் மூக்கு ஒழுகும், துடைத்துக்கொள்ளலாம், மேஜையில் உட்கார்ந்தபடி சிந்துவதைத்தான் அருவருப்பாகப் பார்ப்பார்கள்.

சுந்தே, உள்ளுறுப்பு வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் ஆட்டு ரத்தப் பொரியலும் குடல் கறியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் தயங்க எதுவும் இல்லை. அப்படிப் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு முழுக் கிண்ணத்துக்குத் துணிய வேண்டாம். கூட வந்தவர் கலந்த வகையை வாங்கினால் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்கலாம். சியோலில் சுந்தேயை உப்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள், பூசான் பக்கம் சோயாபீன் விழுதில். எனக்குப் பூசான் பக்கம்தான் சரி.

எல்லாம் செய்தும் பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள். மீதி வைத்ததற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நடுவில் குழம்பினால் கடைக்கார அம்மாவைப் பார்த்து "ஒத்தொக்கே மொகொயோ?" (எப்படிச் சாப்பிடுவது) என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் அவரே வந்து இறாலையும் கீரையையும் தன் கணக்குக்கு அள்ளிப் போட்டுவிட்டுப் போவார். அது உங்கள் கணக்கைவிடச் சரியாகத்தான் இருக்கும்.

இயந்திரத்தில் முன்பே கட்டவில்லை என்றால் பணம் கிளம்பும்போது கல்லாவில். டிப்ஸ் கிடையாது, வைத்தால் குழம்பிப்போய்த் துரத்தி வந்து திருப்பித் தருவார்கள். "ஜால் மொகொஸும்னிதா" என்று சொல்லிவிட்டு வந்தால் நன்றாகச் சாப்பிட்டேன் என்று அர்த்தம், வழக்கமாக எல்லோரும் சொல்வது.

இந்த உணவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் பூசான் தற்காலிகத் தலைநகராக இருந்தது, வடக்கில் இருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள், மலிவாகக் கிடைத்த பன்றி எலும்பில் வயிறு நிரப்பினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பக்கத்தில் உள்ள மிர்யாங்காரர்கள் எங்கள் ஊரில் அதற்கு முன்பே இருந்தது என்பார்கள். பூசானின் இன்னொரு உணவான மில்ம்யொன் என்ற குளிர்ந்த கோதுமை நூடுல்ஸுக்கும் போர்க்காலக் கதைதான் பரவலாகச் சொல்லப்படுகிறது: வடக்கின் குளிர்ந்த நூடுல்ஸைச் செய்யப் பக்வீட் மாவு கிடைக்காமல் அகதிகள் கோதுமை மாவில் செய்தது.

வெயில் காலத்தில் போனால் அந்த மில்ம்யொன்னையும் விடாதீர்கள். இதே வரிசைதான்: முதலில் அந்தப் பனிக்கட்டி மிதக்கும் இறைச்சிச் சாற்றை வெறுமனே குடித்துப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலால் நூடுல்ஸை ரெண்டு வெட்டு வெட்டி, பிறகு வினிகர், கடுகு என்று துளித்துளியாக. ஜொன்ஜுவில் முளைப்பயறு குக்பாப்புக்கு அரைவேக்காட்டு முட்டை தனிக் கிண்ணத்தில் வந்தால் அதைச் சட்டியில் உடைத்து ஊற்றாமல், முட்டைக் கிண்ணத்துக்குள் நாலு ஸ்பூன் சாறு விட்டு, கடல்பாசித் தாளைக் கிள்ளிப் போட்டு முதலில் அதைச் சாப்பிட்டுவிட வேண்டும். மொக்போ பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை: ஹோங்கொ என்ற புளிக்கவைத்த திருக்கை மீன், அம்மோனியா வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைக்கும், கொரியர்களிலேயே பலர் தொடமாட்டார்கள். முதல் பயணத்தில் வேண்டாம். தொட்டே தீருவேன் என்றால் இருப்பதிலேயே சின்னத் தட்டாக வாங்கி, ஒரு துண்டு மீன், ஒரு துண்டு வெந்த பன்றிக்கறி, பழைய கிம்ச்சி மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரே வாயில் மெல்லுங்கள், கூடவே ஒரு கிண்ணம் மக்கொல்லி என்ற அரிசிக் கள். மீனை மட்டும் தனியாக வாயில் போட்டுவிடாதீர்கள்.